பனிக்கடையில் ஒரு மலை: சேர்வராயன், கரிராமன், பூத்தொண்டு

ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த தமிழ் இலக்கணிகள் மாசியையும் பங்குனியையும் பின்பனி என்றும், சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றும் வகுத்தனர். சமவெளியில் இருப்பவர்க்கு இக்கணக்குச் சற்றே பிசகியதாகத் தோன்றும். காஞ்சியிலும் திருவரங்கத்திலும் பங்குனி பிறக்குமுன்பே வெயில் ஏறிவிடுகிறது. பின்பனி என்ற பெயர் ஏட்டளவில் நிற்கிறது. சேலத்தை அடுத்து எழுந்து நிற்கும் சேர்வராயன் மலைமீது ஏறியவர்க்கோ அப்பழங்கணக்கு பொய்யில்லை என்பது விளங்கும். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பது. சேர்வராயன் கோயில் கொண்ட முகடு 1,600 மீட்டருக்கும் மேற்பட்டது. மார்கழியிலும் தையிலும் பகல் ஏறும்வரை மூடுபனி கலையாது. மாசியில் காப்பிப் பழம் பறித்து முடிந்திருக்கும். நிழலுக்காக வைத்த முருக்க மரங்கள் இலையுதிர்த்துச் செந்நிறப் பூவோடு நிற்கும். பங்குனியிலோ சித்திரைத் தொடக்கத்திலோ ஒரு நல்ல மழை பெய்யும். அது பெய்த ஒன்பது பத்து நாட்களில் மலைச்சரிவுகளில் உள்ள காப்பிச் செடிகள் அனைத்தும் ஒருசேர வெண்மையாகப் பூக்கும். மல்லிகையை ஒத்த அம்மணம் இரண்டு மூன்று நாட்களே நிற்கும். பின் பூக்கள் பழுத்து உதிர்ந்துவிடும். பனி வேனிலாக மாறுவது அங்கே கண்ணுக்கும் மூக்கிற்கும் புலனாகும் நிகழ்ச்சி.

இம்மலைக்கும் வைணவ மரபுக்கும் உள்ள தொடர்பு அறிஞரிடையே மிகுதியாகப் பேசப்பட்டதன்று. திவ்யதேசம் ஏதும் இங்கில்லை. ஆழ்வார் பாடல் பெற்ற தலமும் இல்லை. ஆயினும் இம்மலையில் வாழும் பழங்குடியினர் தம் பிறப்பிடமாகச் சொல்லுவது பேரருளாளன் எழுந்தருளியிருக்கும் காஞ்சியை. அவர்கள் தம்மை மலையாளிகள் என்பர். கேரள நாட்டு மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் பெயர் ஒற்றுமை ஒன்றே உண்டு. பேசும் மொழி தமிழ். மலையை ஆள்வோர் என்பதே பெயர்க்குப் பொருள். எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியாரின் துணையோடு 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் தொகுதியில் இம்மக்களைப் பற்றிய விரிவான குறிப்பு உள்ளது. சேர்வராயன் மலையார் தம்மைக் காஞ்சிமண்டலம் என்று சொல்லிக்கொள்வர் என்பது அதிற் கண்ட ஒரு செய்தி. மற்றொன்று அவர்களது இடப்பெயர்ச்சி பற்றிய வரலாறு. காஞ்சியில் இவர்கள் வணங்கிவந்த கரிராமன் என்னும் தெய்வம் அங்கிருப்பது தனக்கு ஒவ்வாமல் வேறிடம் நாடிப் புறப்பட்டது. அதனைப் பின்தொடர்ந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூவர் தம் குடும்பங்களோடு சேலம் பகுதிக்கு வந்து வெவ்வேறு வழியாகப் பிரிந்தனர். மூத்தவன் சேர்வராயனுக்கும், நடுவண்ணன் பச்சைமலைப் பக்கமும், சின்னண்ணன் மஞ்சவாடிப் பக்கமும் சென்றனர். கொல்லிமலையைச் சேர்த்துச் சொல்லும் வேறு வடிவமும் உண்டு. இந்நிகழ்ச்சி நடந்து ஏறத்தாழப் பத்துத் தலைமுறை ஆயிற்று என்றும், அது முகமதியர் ஆட்சி ஓங்கியிருந்த காலம் என்றும் அவர்கள் கூறினர்.

இதனை வெறுங்கதை என்று ஒதுக்குவது எளிது. குடிப்பெயர்ச்சிக் கதைகள் பலவும் காஞ்சியையே தொடக்கமாகக் கொள்வதும், மூன்று உடன்பிறந்தார் மூன்று திசையாகப் பிரிவதும் நாட்டு வழக்காற்றில் அடிக்கடி வரும் அமைப்புகளே. மறுபுறம், காஞ்சி என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் இம்மக்களை ஸ்ரீவைஷ்ணவ சம்பிரதாயத்துக்குள் சேர்த்துக்கொள்ளும் ஆர்வமும் தவறே. அவர்கள் திருமாலை வணங்குவது போலவே சிவனையும், பல அம்மன்களையும் வணங்குவோர். சேர்வராயன் கோயிலில் குகையினுள் சேர்வராயனும் காவேரியம்மனும் அருகருகே எழுந்தருளியிருக்க, வழிபாடு அம்மக்களின் வழக்கப்படி நடைபெறுகிறது. பாஞ்சராத்திரமும் வைகானசமும் அங்கு எட்டவில்லை. எனவே இவ்விரு முனைகளையும் விடுத்து, அந்நினைவு எதைத் தாங்கி நிற்கிறது என்று ஆராய்வதே தக்கது.

பத்துத் தலைமுறை என்பதை, தலைமுறைக்கு இருபத்தைந்து ஆண்டு வீதம், தர்ஸ்டன் எழுதிய காலத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால் 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி கிடைக்கும். சில பத்தாண்டுகள் முன்பின்னாகலாம். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் காஞ்சியில் உண்மையாகவே ஒரு பெயர்ச்சி நிகழ்ந்தது. மொகலாயப் படையெடுப்பின் அச்சத்தால் 1688 அளவில் பேரருளாளனின் உற்சவ மூர்த்தி ரகசியமாக வெளியேற்றப்பெற்று, உடையார்பாளையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். பிணம் கொண்டுபோவது போலக் காட்டிக் கொண்டுசென்றனர் என்பது செவிவழிச் செய்தி. ஆபத்து நீங்கியபின் உடையார்பாளையத்தார் பெருமாளைத் திருப்பி அனுப்ப மனமொப்பவில்லை. ஆத்தான் ஜீயரின் வேண்டுகோளை ஏற்ற தோடர்மல் முயன்று 1710இல் மீண்டும் காஞ்சியில் எழுந்தருளச் செய்தார். இதனைச் சொல்லும் கல்வெட்டு வரதராஜன் கோயிலிலேயே உள்ளது. மீண்டெழுந்தருளிய நாள் பங்குனி உத்திரட்டாதி. அந்நாளில் உடையார்பாளையம் உற்சவம் என்ற பெயராலேயே அங்கு விழா நடைபெறுகிறது. திருமலையில் தோடர்மல், அவர் தாய், மனைவி ஆகிய மூவரின் செப்புப் பிரதிமைகளைச் சேவிப்போர் பலர். அவர் காஞ்சிக்குச் செய்த இவ்வுதவியை நினைப்போர் அவர்களுள் சிலரே.

கரிராமன் கதையும் உடையார்பாளைய நிகழ்ச்சியும் ஒன்றே என்று நிறுவச் சான்று போதாது. காலமும், காரணமாகச் சொல்லப்படும் அச்சமும், ஊரும் ஒத்து நிற்கின்றன, அவ்வளவே. கரிராமன் என்ற பெயரிலும் ஐயத்துக்கு இடமுண்டு. கரி என்பதை யானையாகக் கொண்டால் அத்திகிரி, கரிகிரி என்று வழங்கும் பெருமாள் மலையின் பெயரோடு அது இயையும். ஆனால் கல்வராயன் மலைப் பகுதியில் கரியராமர் என்று வழங்குவதை நோக்கக் கருநிறமுடைய இராமன் என்ற பொருளே நேர்ப்பொருளாகத் தோன்றுகிறது. அத்திகிரிப் பொருள் காதுக்கு இனிது என்பதற்காக அதனைத் தெரிந்துகொள்வது ஆராய்ச்சியாகாது.

இவ்வொப்புமையைவிட ஆழமானது கதையின் உள்ளமைப்பு. காஞ்சியைவிட்டு எம்பெருமான் வெளியேறுவது சம்பிரதாயத்துக்குப் புதிதன்று. கணிகண்ணனை அரசன் நாடு கடத்தியபோது திருமழிசையாழ்வார் உடன் புறப்பட, அவர் சொற்படியே பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பெருமாளும் பின்சென்றார். சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்ற திருநாமம் அதனால் வந்தது. அங்கே அடியார் முன்னே சென்றார், எம்பெருமான் பின்னே சென்றார். உடையார்பாளைய வரலாற்றில் அடியார்கள் பெருமாளைச் சுமந்து சென்றனர். மலையாளிகளின் கதையிலோ தெய்வம் தன்னிச்சையாக முன்னே போயிற்று; மக்கள் தம் நிலத்தையும் ஊரையும் விட்டு அதன் பின்னே போயினர். படையஞ்சி ஓடினோம் என்று அவர்கள் சொல்லவில்லை. தெய்வம் இருக்கும் இடமே தமக்கு இடம் என்று சொன்னார்கள். தியாக மண்டபம் என்று பூர்வர்கள் பெயரிட்ட காஞ்சியிலிருந்து வந்தோம் என்போர் வாயில் இக்கூற்று வருவது கருதத்தக்கது.

எம்பெருமான் உகந்திருக்கும் மலைக்குக் குளிரையும் பொருட்படுத்தாமல் சென்று குடியேறிய ஒருவரைச் சம்பிரதாயம் நன்கறியும். எம்பெருமானார் திருவாய்மொழிக்குப் பொருள் அருளிச்செய்துவந்த காலத்து, மூன்றாம் பத்தில் திருவேங்கடத்தைப் பற்றிய திருமொழி வந்தது. வானோர் தம் தலைவனோடு கூடித் தூவும் பூக்கள் செவ்வியோடு மகிழும் மலை அது என்னும் இடத்தில் அவர் திருவுள்ளம் கலங்கிற்று. அம்மலையில் நந்தவனம் செய்து நாடோறும் திருமாலை சாற்றும் கைங்கர்யத்துக்கு இக்கோஷ்டியில் எவரேனும் உளரோ என்று கேட்டார். காடும் குளிரும் எண்ணிப் பலரும் வாளாவிருந்தனர். அனந்தாழ்வான் ஒருவரே எழுந்தார். நீயே ஆண்பிள்ளை என்று எம்பெருமானார் உகந்தருள, அனந்தாண்பிள்ளை என்னும் பெயர் அவர்க்கு நிலைத்தது.

இவ்வைதிஹ்யத்தைப் பேசுவோர் பெரும்பாலும் பின்வரும் ஏரி வெட்டிய கதைக்கு விரைவர். கருவுற்ற மனைவி மண் சுமந்ததும், சிறுவனாய் வந்து கூடை வாங்கிய பெருமாளின் மோவாயில் கடப்பாரை பட்டதும், அக்காயத்தின் நினைவாகப் பச்சைக் கற்பூரம் சாற்றுவதும் எல்லோரும் அறிந்தவை. அக்கடப்பாரை மகாத்வாரத்தில் இன்றும் தொங்குகிறது. ஆனால் வரலாற்று நோக்கில் அவ்வேரியே முதற்செய்தி. பாறைமலையில் நந்தவனம் வைப்பவன் விதைக்குமுன் நீர்நிலை செய்யவேண்டும். பின்பனியில் மழையில்லை, வேனிற் பூக்களுக்கான செடிகள் தழைக்கும் பருவமோ அதுதான். கார்காலத்து நீரைத் தேக்கிவைக்க ஏரியில்லாவிடின் இளவேனிலில் பெருமாளுக்கு மாலையில்லை. பக்தியின் பெருமையைச் சொல்ல வந்த கதையின் உள்ளே ஒரு தோட்டக்காரனின் கணக்கு இருக்கிறது.

அவரைப் பற்றிய மற்றொரு வரலாறும் இத்தகையதே. அவர் மாலை கட்டிக்கொண்டிருக்கும்போது பெருமாள் அர்ச்சகர் வாயிலாக அழைத்தருளினார். கையிலிருந்த வேலையை முடித்தபின்னரே அனந்தாழ்வான் சென்றார். தாமதத்துக்குக் காரணம் கேட்டபோது, மொட்டுகள் மலர்ந்துவிடும், மணம் கெடும் என்றார். அப்படியாயின் நம் மலையைவிட்டுப் போ என்று பெருமாள் அருளிச்செய்ய, தேவரீர் முன்னே வந்தீர், அடியேன் பின்னே வந்தேன், இருவரும் வந்தேறிகளே என்று மறுமொழி கூறினார் என்பர். மலர் தன் பொழுதுக்கே விரியும். பெருமாள் அழைத்தாலும் அது பொறுக்காது. மாலை கட்டுவோனின் கட்டுப்பாடு அப்பொழுதுக்கே. முன்னே வந்தீர், பின்னே வந்தேன் என்ற அச்சொல் சேர்வராயன் மலையாரின் கதையோடு எதிர்பாராத வகையில் ஒத்துப்போகிறது. இரண்டிடத்தும் எம்பெருமான் முன்னே சென்று மலையைக் கைக்கொண்டான். அடியவன் பின்னே சென்று குடியேறினான்.

திருமலைக்குப் புஷ்ப மண்டபம் என்ற பெயரும், அங்குப் பூத்த பூவெல்லாம் பெருமாளுக்கே உரியன, மாந்தர் தலையில் சூடலாகாது என்ற நியமமும், சாற்றிக் களைந்த மாலைகளைப் பூங்கிணற்றில் சேர்க்கும் வழக்கமும் யாவரும் அறிந்தவை. புரிசைவாரித் தோட்டம் என்று வழங்கும் அந்நந்தவனத்தில் அனந்தாழ்வான் மகிழ மரமாய் நிற்கிறார் என்பது நம்பிக்கை. திருவாடிப்பூரத்தன்று பெருமாள் அங்கு எழுந்தருளுகிறார்.

சோழர் காலம் முதலாகக் கல்வெட்டுகள் இத்தொண்டின் உலகியற் பக்கத்தைக் காட்டுகின்றன. திருநந்தவனம், திருநந்தவனப்புறம், திருப்பள்ளித்தாமம் ஆகிய சொற்கள் கோயிற் சாசனங்களில் திரும்பத் திரும்ப வருவன. நந்தவனப்புறம் என்பது தோட்டத்தின் செலவுக்காக விடப்பட்ட விளைநிலம். செடி வைப்பார்க்கும், நீர் இறைப்பார்க்கும், பூப்பறிப்பார்க்கும், தொடுப்பார்க்கும் சோறிட நெல் வேண்டும் என்பதை மன்னரும் மாதரும் வணிகரும் உணர்ந்திருந்தனர். பெரியாழ்வாரையும் தொண்டரடிப்பொடியாழ்வாரையும் நந்தவனத்தில் வைத்துப் போற்றும் மரபு, பெயர் தெரியாத இத்தொழிலாளரின் கைகளின்மீது நின்றது.

பனி கழிந்து வேனில் வரும் பருவத்துக்கே உரிய பூத்தொண்டு எது என்று கேட்டால் தமனகம் என்று விடை சொல்லவேண்டும். வழக்கில் தவனம் என்பதும் மருக்கொழுந்து என்பதும் அதுவே. கண்ணனைப் பூச்சூட அழைக்கும் பெரியாழ்வார் திருமொழியில் செண்பகம், மல்லிகை, பாதிரி, செங்கழுநீர், புன்னை, குருக்கத்தி, இருவாட்சி, கருமுகை ஆகியவற்றோடு மருவும் தமனகமும் இடம்பெறுகின்றன. பூவல்லாத தழையை ஆழ்வார் பூக்களோடு சேர்த்துவைத்தது மணம் கருதியே. இத்திருமொழியின் உரை வரலாறும் நினைக்கத்தக்கது. பெரியவாச்சான் பிள்ளை அருளிய வியாக்கியானத்தில் பெரியாழ்வார் திருமொழியின் பெரும்பகுதிக்கான ஏடுகள் அழிந்துபோயின. எஞ்சியதை அப்படியே விடுத்து, அழிந்துபட்ட பகுதிக்கு மட்டும் மணவாள மாமுனிகள் உரை அருளிச்செய்தார். பூச்சூட்டல் பகுதிக்கு இன்று கையிலிருக்கும் உரை மாமுனிகளுடையது. உரை ஏடுகளும் ஒருவகையில் நந்தவனம் போன்றனவே: ஒரு தலைமுறை கவனியாதுவிட்டால் கரையான் கவனித்துவிடும்.

பாஞ்சராத்திர நூல்கள் தமனோற்சவத்தை வசந்தத் தொடக்கத்துக்குரிய விழாவாக விதிக்கின்றன. காஞ்சியிலும் திருவல்லிக்கேணியிலும் தவன உற்சவம் பனிக்காலம் முடியும் தருவாயில் நடைபெறுகிறது. பெருமாள் தவனத் தழையால் அலங்கரித்த பந்தலில் எழுந்தருள, காற்றில் அத்தழையின் மணம் நிறையும். இவ்விழா ஏன் அப்பருவத்தில் வருகிறது என்பதற்குச் சாத்திரம் சொல்லும் விடை மன்மதனையும் வசந்தனையும் சார்ந்தது. தோட்டக்காரன் சொல்லும் விடை வேறு. தவனம் குளிர்காலப் பயிர். கார்மழை ஓய்ந்தபின் விதைத்தால் பனி இரவுகளில் மணம் ஏறித் தழைத்து, மாசிப் பங்குனியில் அறுவடைக்கு வரும். பெருமழையும் கடும் வெயிலும் அதற்கு ஆகா. எனவே பனி முடிந்து வெயில் கடுக்குமுன் உள்ள சில வாரங்களே அதன் நிறைபருவம். விழா நாளைக் குறித்தவர் இவ்விரண்டையும் அறிந்திருந்தனர் என்றே கொள்ளவேண்டும். ஆகமம் நாளைக் கட்டளையிட்டது. அந்நாளைச் செடி முன்னமே தெரிந்துகொண்டிருந்தது.

திருவரங்கத்தில் கார்த்திகையில் கைசிக ஏகாதசியன்று நம்பெருமாளுக்குப் போர்வைகள் பல சாற்றுவதும், வேனிலில் கோடைத் திருநாளாகப் பூச்சாற்று நடப்பதும் இவ்வுணர்வின் இரு எல்லைகள். குளிருக்குத் துணி, வெயிலுக்குப் பூ. இடைப்பட்ட பருவத்துக்குத் தழை.

தழை என்றதும் திருவில்லிபுத்தூர்க் கிளி நினைவுக்கு வரும். ஆண்டாளின் திருக்கையில் அமரும் அக்கிளி நாடோறும் புதிதாகச் செய்யப்படுவது. மாதுளம்பூவால் மூக்கு, மரவள்ளி இலையால் உடல், காக்காப்பொன்னால் கண். மூங்கிற் குச்சியும் வாழை நாரும் கொண்டு கட்டுவர். பல மணி நேரம் பிடிக்கும் வேலை அது; மறுநாள் வேறு கிளி வந்துவிடும். மாலை தொடுத்தலைக் கைத்தொழில் என்று சொல்வதற்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது. இதில் மரவள்ளி இலை நுண்ணிய செய்தி ஒன்றைச் சொல்கிறது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல்வழி வந்த செடி மரவள்ளி; ஆண்டாள் காலத்தில் இந்நாட்டில் அது இல்லை. கிளி கட்டுவோர் எப்போதோ ஒரு நாளில் அவ்விலையின் பசுமையையும் பரப்பையும் நோக்கி, இது கிளிக்கு ஆகும் என்று தெரிந்துகொண்டனர். பழைமையைக் காக்கும் தொண்டு புதிய இலையை ஏற்பதற்குத் தடையாயிருக்கவில்லை. அம்மரவள்ளிதான் இன்று சேலம் மாவட்டத்தின் முதன்மைப் பயிர்களுள் ஒன்று. சேர்வராயன் மலையடிவாரத்து ஊர்களில் அதன் கிழங்கு சவ்வரிசியாகிறது. அதே சேலத்தில், திருமலை உற்சவங்களுக்கென அடியார்கள் மண்டபங்களில் கூடி, டன் கணக்கில் பூக்களை மாலையாக்கி அனுப்பும் வழக்கமும் உண்டு. ஆணும் பெண்ணும் சிறுவரும் வரிசையாக அமர்ந்து நார் கிழித்துத் தொடுக்கும் அக்காட்சியில் அனந்தாழ்வானின் தொண்டு சமவெளியில் தொடர்கிறது.

மலைமீது வந்த புதுச்செடியோ வேறு வழியிற் சென்றது. 1820 முதல் 1829 வரை சேலத்தின் கலெக்டராயிருந்த காக்பர்ன் ஏற்காட்டில் கிரேஞ்சு தோட்டத்தில் காப்பியையும், பேரி, ஆப்பிள் முதலிய மேல்நாட்டுப் பழமரங்களையும் வைத்தார். அந்நூற்றாண்டு முடிவதற்குள் காப்பித் தோட்டங்கள் மலையின் பெரும்பகுதியை வளைத்துக்கொண்டன. காட்டைத் திருத்திச் சாமையும் கேழ்வரகும் விளைவித்த மலையாளிகளின் ஊர்கள் தோட்டங்களுக்கு நடுவே தீவுகளாயின. சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என்று தம் மலையை மூன்று நாடுகளாக வகுத்து, நாட்டுத் தலைவர் சொற்படி வாழ்ந்தவர்கள், தாம் திருத்திய நிலத்திலேயே கூலிக்குப் பழம் பறிக்கும் நிலைக்குப் பலர் வந்தனர். தலைப்பாகையும் பழுப்பு நிறக் கம்பளியுமாக அவர்களைத் தர்ஸ்டன் காட்டுகிறார். அது மலையின் பனிக்கேற்ற உடை. அவர்கள் வாய்மொழியாகச் சொன்ன காஞ்சி வரலாறு அச்சேறியதும் இக்காலத்தில்தான். நிலம் கைநழுவும்போது வந்த வழியை நினைவுகூர்வது குடிகளின் இயல்பு. காஞ்சிமண்டலம் என்று தம்மைச் சொல்லிக்கொண்டதில் குலப்பெருமையோடு உரிமைக் குரலும் கலந்திருக்கக் கூடும்.

நந்தவனத்துக்கும் தோட்டத்துக்கும் உள்ள வேற்றுமை பங்குனியில் காப்பி பூக்கும்போது தெளிவாகும். நந்தவனத்தில் பூ பறிப்பதற்கே பூக்கிறது. பறியாது விட்ட பூ வீண். காப்பித் தோட்டத்தில் பூவைத் தொடுதலும் ஆகாது. ஒவ்வொரு பூவும் ஒரு பழம். அத்தனை மணமுள்ள வெண்பூ மலை முழுதும் பூத்தும் அது மாலையாவதில்லை. பூவின் மணத்தை எம்பெருமானுக்கென்றும், அதன் பயனை உலகத்துக்கென்றும் பகுத்துவைத்தாற்போல இரு தோட்டங்களும் நிற்கின்றன. 1963இல் தொடங்கிய ஏற்காட்டு ஆர்க்கிட் பூங்காவில் மரக்கிளையிலும் பாறையிலும் ஒட்டி வளரும் அரிய செடிகள் காக்கப்படுகின்றன. அவை பறிப்பதற்கும் விற்பதற்குமின்றி, அழியாதிருப்பதற்காகவே வளர்க்கப்படுபவை. மூன்றாவது வகைத் தோட்டம் என்று அதனைச் சொல்லலாம்.

சேர்வராயன் கோயிலின் ஆண்டுத் திருவிழா வைகாசியில் நடைபெறுகிறது. மலையின் பல ஊர்களிலிருந்தும் மலையாளிகள் முகட்டுச் சமவெளியில் கூடுவர். காஞ்சியில் பேரருளாளனின் பிரம்மோற்சவமும் வைகாசியிலேயே; அத்திருநாளின் மூன்றாம் நாள் காலை கருட சேவைக்கு நாடெங்குமிருந்து அடியார் திரள்வது புகழ்பெற்றது. காஞ்சியைவிட்டு வந்தவர்கள் காஞ்சித் திருநாளின் மாதத்தையும் உடன்கொண்டு வந்தார்களோ என்று எண்ண இடமுண்டு. ஆனால் மலையில் வைகாசி கோடைமழை பெய்து மண் பதமாகும் மாதம். விதைப்புக்கு முன் தெய்வத்தைக் கேட்பது உழவர் எவர்க்கும் உரிய வழக்கம். தமனோற்சவத்தைப் போலவே இங்கும் இரு விடைகளும் ஒரே நாளில் வந்து கூடுகின்றன. அவ்விழாவுக்கு ஏறிச் செல்வோர் வழிநெடுகக் காண்பது, பங்குனியில் பூத்த காப்பிச் செடிகளின் கணுக்களில் திரண்டுவரும் பச்சைக் காய்களை.